தொகுதியும் பகுதியும்

பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து, பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போனவன் நான். இரண்டு இடத்திலும் கையில் இருந்தது அதே சாக்பீஸ்தான், ஆனால் செய்த வேலை ஒன்றல்ல. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இரண்டையும் ஒரே ஏணியின் கீழ்ப்படி, மேல்படி என்று நினைக்கிறார்கள். உள்ளே இருந்த எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை.

வித்தியாசம் வாசலிலேயே ஆரம்பித்துவிடும். அரசுப் பள்ளியின் வாசலில் வடிகட்டி கிடையாது. சரளமாக வாசிக்கும் பிள்ளையும் வரும், எட்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டும் பிள்ளையும் வரும். பல நாடுகளில் வந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மன் அரசில் 1763இலேயே அப்படி ஆணை போட்டார்கள். அமெரிக்காவில் முதலில் போட்டது மாசசூசெட்ஸ் மாநிலம், 1852இல். ஒரு பிள்ளையைப் பார்த்து ‘நீ வந்தே ஆக வேண்டும்’ என்று அரசு சொல்லிவிட்டால், ‘நீ வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை பள்ளியின் கையைவிட்டுப் போய்விடுகிறது. பள்ளியின் கடமைகளில் பாதி இந்த ஒன்றிலிருந்தே வருகிறது என்பது என் கட்சி.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பொதுத்தேர்வுக்கு முன்னால் ஒரு பட்டியல் தயாராகும். தேறமாட்டார்கள் என்று நாங்களே முடிவு கட்டியவர்களின் பட்டியல் அது. பெற்றோரை வரவழைத்து, டி.சி. வாங்கிக்கொண்டு தனித்தேர்வராக எழுதச் சொல்வார்கள். மிரட்டல் எல்லாம் கிடையாது, ரொம்பக் கனிவாகத்தான் பேசுவார்கள். “அவன் ஒருத்தன் போனா நம்ம சதவீதம் ஏறிடும் சார்” என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு சக ஆசிரியர் சொன்னார். கெட்ட மனிதர் அல்ல, மாலையில் அதே பையனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவரும் அவரேதான். தலைமையாசிரியரையும் குற்றம் சொல்ல முடியாது. மேலதிகாரி கூட்டத்தில் அவரிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி அந்தச் சதவீதம்தான்.

பின்னத்தின் மதிப்பைக் கூட்ட இரண்டு வழி உண்டு. மேலே இருக்கும் தொகுதியைக் கூட்டலாம், கீழே இருக்கும் பகுதியைக் குறைக்கலாம். முதல் வழிக்கு ஒரு வருட உழைப்பு வேண்டும். இரண்டாவதற்கு ஒரு கையெழுத்து போதும்.

இது புது வியாதியும் அல்ல. இங்கிலாந்தில் 1862இல் பள்ளிகளுக்கான அரசு மானியத்தை, வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகள் தேறுவதோடு கட்டிப்போட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையாகச் சோதிப்பார். விளைவு, பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடமே செய்துவிட்டார்கள். தேர்வில் இல்லாத பாடங்கள் ஓரங்கட்டப்பட்டன. 1890களில்தான் அந்த முறையைக் கைகழுவினார்கள். சமீபத்திய உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் அட்லாண்டா நகரம். அங்கே 2009இல் நடந்த தேர்வுகளை விசாரித்தவர்கள், தாங்கள் ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44இல் விடைத்தாள்கள் திருத்தப்பட்டிருந்ததாக 2011இல் அறிக்கை கொடுத்தார்கள். திருத்தியது மாணவர்கள் அல்ல, பெரியவர்கள்.

கட்டாயத்திலிருந்து இன்னொன்றும் பிறக்கிறது. எழுந்து போக முடியாத ஒருவர் முன்னால் நின்று பேசுகிறவர் வாயை அளந்து பேச வேண்டும். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1917இல் மியூனிக்கில் ஆற்றிய உரையில், மாணவர்கள் பதில் பேச முடியாமல் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பேராசிரியர் தன் அரசியலைப் பரப்பக் கூடாது என்றார். அவர் சொன்னது பல்கலைக்கழக வகுப்பை. என் அனுபவத்தில் அது பள்ளிக்குத்தான் அதிகம் பொருந்தும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆசிரியர் சொல்வதே வேதம். பல்கலைக்கழகத்திலோ என் கருத்தை நான் சொன்னால், கடைசி பெஞ்சிலிருந்து மறுப்பு உடனே வரும். வரத்தான் வேண்டும். அதற்குத்தானே அந்த இடம்!

இந்தப் பிரிவினையை முதலில் தெளிவாக எழுதியவர்களில் ஒருவர் ஜெர்மன் அறிஞர் வில்ஹெல்ம் வான் ஹும்போல்ட். 1810இல் பெர்லின் பல்கலைக்கழகம் திறந்த சமயத்தில் அவர் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. பள்ளி கையாள்வது முடிந்துபோன, ஒப்புக்கொள்ளப்பட்ட அறிவை. பல்கலைக்கழகமோ அறிவை இன்னும் முழுதாகத் தீராத ஒரு கணக்காகவே வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே ஆசிரியர் மாணவருக்காக இல்லை, இருவருமே அறிவுக்காக இருக்கிறார்கள் என்கிறார். முதல் பாதியில் எனக்குக் கொஞ்சம் தகராறு உண்டு. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது என்று எட்டாம் வகுப்புப் பெண் கேட்டால், அது ‘முடிந்துபோன’ விஷயமில்லை. அவளுக்கு அது அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது.

பாடத்திட்டக் குழுவில் உட்கார ஆரம்பித்த பிறகு, ஹும்போல்ட் சொன்னதன் இரண்டாம் பாதியைத்தான் தினமும் நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எந்தத் தாள் மேசைக்கு வந்தாலும் முதல் கேள்வி, “இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?” குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் படிக்க வரும் மாணவர் அதைக் கேட்பது முழுக்க நியாயம். அவருக்குக் கவிதை நயம் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்களோடு எனக்கு ஒட்டாது. ஆனால் பல்கலைக்கழகமே தன்னைப் பார்த்து அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டால், அப்புறம் அதற்குப் பெயர் பயிற்சி நிலையம்தான். அதையும் உருப்படியாகச் செய்கிறோமா என்றால் இல்லை. ஒரு நிறுவனம் கேட்டுக்கொண்டதற்காக ஒரு மென்பொருளுக்கென்றே தனித்தாள் வைத்தோம். முதல் அணி படித்து முடிப்பதற்குள் அந்த நிறுவனமே வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டது.

தொழிலா, அறிவா என்று சண்டை போட வேண்டியதே இல்லை. இங்கிலாந்து மானியத்தை மதிப்பெண்ணோடு முடிச்சுப்போட்ட அதே 1862இல், அமெரிக்காவில் அதிபர் லிங்கன், மோரில் சட்டம் என்ற ஒன்றில் கையெழுத்திட்டார். அரசு நிலத்தை விற்ற பணத்தில் விவசாயமும் பொறியியலும் சொல்லித்தரும் கல்லூரிகள் வளர்ந்தது அதனால்தான். உழைக்கும் மக்களின் படிப்புக்கான சட்டம் அது. ஆனாலும் மற்ற அறிவியல்களையும் பழைய இலக்கியங்களையும் விலக்காமல் என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். அந்த ஒரு சொற்றொடரை எங்கள் குழு அறையின் சுவரில் மாட்டச் சொல்லலாம் என்று எனக்கு ஆசை.

போன முறை சிக்கியது தத்துவத் துறையின் தர்க்கவியல் தாள். சேர்க்கை குறைவு, எடுத்துவிடலாம் என்றார்கள். நான் ஜார்ஜ் பூலின் கதையைச் சொன்னேன். பட்டமே இல்லாத பள்ளி ஆசிரியர், பிறகு அயர்லாந்தின் கார்க் நகரில் கணிதப் பேராசிரியர். 1854இல் அவர் தர்க்கத்தை இயற்கணிதமாக எழுதியபோது, அதற்கு ஒரு வேலைவாய்ப்பும் கிடையாது. எண்பது வருடம் கழித்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கிளாட் ஷானன் என்ற மின்பொறியியல் மாணவர் ஒரு தத்துவ வகுப்பில் அதைப் படித்தார். 1937இல் தன் முதுகலை ஆய்வேட்டில், மின்சுற்றுகளின் சுவிட்சுகளுக்கு அந்த இயற்கணிதம் அப்படியே பொருந்தும் என்று காட்டினார். இன்றைய கணினிச் சில்லுகளின் வடிவமைப்பு அந்த வழியில் வந்ததுதான்.

வேலைவாய்ப்பு அலுவலர் கவனமாகக் கேட்டார். பிறகு, “ஒரு ஷானனுக்காக எத்தனை பேர் அதைப் படிக்கணும் சார்?” என்றார். நல்ல கேள்வி. எண்ணாகச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் மற்றவர்களை விட்டுவிடலாம், தெரியாதே என்றேன். தர்க்கம் படித்த மற்றவர்களும் அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை என்று தத்துவத் துறைத் தலைவர் கொஞ்சம் சூடாகவே சொன்னார்.

கடைசியில் அதை விருப்பப் பாடமாக வைத்துக்கொள்ளலாம், குறைந்தபட்சச் சேர்க்கை இருந்தால் மட்டும் நடத்தலாம் என்று தீர்மானம் ஆனது. இரண்டு தரப்புக்கும் திருப்தியில்லை. மறுநாளே அந்தத் தாளை நடத்தும் மேடம், பொறியியல் மாணவர் விடுதியில் நோட்டீஸ் ஒட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிட்டார்.