சிஸ்டருக்கு எழுதும் நன்றிக் கடிதம்

வீட்டில் ஒருவர் உயிருக்குப் போராடி மீண்டு வரும்போது, டாக்டருக்கு நன்றி சொல்வது எல்லோருக்கும் தெரிகிறது. இரவெல்லாம் பக்கத்தில் நின்ற சிஸ்டருக்கு மட்டும் "நல்லா பார்த்துக்கிட்டாங்க" என்று ஒரு வரி. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் வரி அது. அவர் என்ன செய்தார் என்பது நமக்கே சரியாகத் தெரியாததுதான் காரணம்.

புரண்டு படுக்க முடியாத நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். ஒருக்களித்து முழுசாகப் படுக்கவைத்தால் மொத்த எடையும் இடுப்பெலும்பின் மேல் இறங்கும். அதனால் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்வில் நிறுத்துவார்கள். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை, குதிகால் மெத்தையில் படக்கூடாது. ஆளைப் பிடித்து இழுக்கவும் கூடாது. தோல் உரசிப் பிய்ந்துவிடும் என்பதால் இரண்டு பேர் விரிப்போடு சேர்த்துத் தூக்கி நகர்த்துவார்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் அது வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. சூட்டையும் இறுக்கத்தையும் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஐசியுவிலிருந்து ஒருவர் முதுகில் புண்ணில்லாமல் வெளியே வந்தால், அதற்குப் பின்னால் இத்தனை வேலை இருக்கிறது.

குழாய் வழியாக இறங்கும் சிறுநீர் சேரும் பையை சிஸ்டர் ஏன் மணிக்கொரு முறை குனிந்து பார்க்கிறார்? 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்குக் குறைந்தது 30 மில்லியாவது இறங்க வேண்டும். அது தொடர்ந்து குறைந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதவில்லையோ என்ற சந்தேகம் வரும். நடுராத்திரியில் டாக்டரை எழுப்புவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு எண்தான்.

ஆகவே கடிதத்தில் பாராட்டுச் சொற்களைக் குறைத்து, நடந்ததை எழுதுங்கள். எந்த வார்டு, எந்தத் தேதி, பகல் டியூட்டியா இரவு டியூட்டியா, பேட்ஜில் உள்ளபடி பெயர். பிறகு கண்ணால் பார்த்த இரண்டு மூன்று காரியங்கள்: ஊசி போட்ட இடம் வீங்கியதை அவரே கவனித்து மாற்றியது, மயக்கத்தில் இருந்தவரிடமும் "இப்போ திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொட்டது. அரைப் பக்கம் போதும். ஒரு பிரதி அவருக்கு, இன்னொன்று நர்சிங் சூப்பிரண்டுக்கு. இரண்டாவதுதான் முக்கியம், பணிக்கோப்பில் சேர்ந்தால் பதவி உயர்வின்போது உதவக்கூடும். நர்ஸ்களுக்கான டெய்சி விருதே இப்படிப் பிறந்ததுதான். 1999இல் அமெரிக்காவில் பேட்ரிக் பார்ன்ஸ் என்பவர் நோயில் இறந்த பிறகு, அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கு நன்றி சொல்ல அவருடைய குடும்பம் தொடங்கியது. இன்றும் நோயாளிகளும் குடும்பத்தினரும் எழுதி அனுப்பும் அனுபவங்களை வைத்தே தேர்வு நடக்கிறது.

பணம் கொடுக்காதீர்கள். பல மருத்துவமனைகளில் வாங்குவதே விதிமீறல், சிக்கல் அவர் தலையில்தான் விழும். கேட்காமல் படமெடுத்து இணையத்தில் போடுவதும் அப்படித்தான். பின்னணியில் வேறொரு நோயாளி தெரிந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர். சிகிச்சை நடக்கும்போதே பரிசு நீட்டினால் சலுகை கேட்பதுபோல் ஆகிவிடும். டிஸ்சார்ஜ் அன்று, வார்டு முழுவதற்கும் பொதுவாக ஏதாவது கொடுங்கள். இரவு டியூட்டிக்காரர்களையும் உதவியாளர்களையும் விட்டுவிட வேண்டாம்.

நோயாளி இருக்கும்போதே காட்டக்கூடிய நன்றியும் உண்டு. மருந்து எடுக்கும்போதும் டியூட்டி மாறும்போதும் குறுக்கே பேசாதிருப்பது. கவனம் சிதறினால் அளவு தப்பும். விவரம் கேட்க வீட்டிலிருந்து ஒரே ஒருவர் போவது. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு முறை கேட்டால், பதில் சொல்லும் நேரம் இன்னொரு படுக்கையிலிருந்துதான் போகிறது.

நோயாளி பிழைக்கவில்லை என்றாலும் எழுதலாம். உடனே முடியாது, மாதங்கள் ஆகட்டும். நோயாளியின் பெயர், வார்டு, அட்மிஷன் தேதி மூன்றும் கடிதத்தின் மேலே இருந்தால், அந்த சிஸ்டர் வேறு வார்டுக்கு மாறியிருந்தாலும் தேடிக் கொடுக்க முடியும்.