மெழுகு ட்ரேயில் கடல்தரை: இதுவரை

கடல்தரை பிறப்பதை மெழுகில் செய்து பார்க்கும் வேலை ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. யோசனை என்னுடையது இல்லை, 1972-இல் ஓல்டன்பர்க், புரூன் என்ற இருவர் செய்ததுதான்: உருகிய மெழுகின் மேல் காற்றடித்து ஏடு கட்டவிட்டு, அந்த ஏட்டை இரண்டாகக் கிழித்து இழுப்பது.

பாளையங்கோட்டையில் வாங்கிய அலுமினிய ட்ரே, அதற்கு அடியில் அகலப் பாத்திரத்தில் வெந்நீர், அதற்கும் அடியில் கரண்ட் அடுப்பு. பாரஃபின் 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும், நேர்த் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். மேலே டேபிள் ஃபேன். ஆடிக் காற்று ஜன்னலில் வரும்போது ஃபேனே தேவையில்லை, ஆனால் ஏடு ஒரு பக்கம் மட்டும் தடிக்கிறது.

கையால் இழுத்தால் வெட்டி வெட்டிப் போகிறது, கியர் மோட்டாரில் நூல் கட்டியதும் சரியாகிவிட்டது. வேகமாக இழுத்தால் நடுவில் வெறும் குளம். மெதுவாக இழுத்தால் கீறல் ஒட்டிக்கொண்டு வேறு எங்கோ விரிகிறது. நடுவாந்தரமான வேகத்தில்தான் விஷயமே இருக்கிறது: நேர்க்கீறல் தானாகவே உடைந்து படிக்கட்டு மாதிரி செங்கோணத்தில் விலகி நிற்கிறது. அட்லாண்டிக் கடலுக்கு அடியில், புதுத் தரை பிறக்கும் மலைத்தொடரான நடுத்தொடரைக் குறுக்கே வெட்டும் பிளவுகளும் இதே அமைப்புதான்.

அப்புறம் கலர் கோலப்பொடி. கீறல் மேல் சிவப்பு, கொஞ்ச நேரம் விட்டுப் பச்சை என்று தூவினால், ஒவ்வொரு நிறமும் பாதி பாதியாகப் பிரிந்து இரு பக்கமும் விலகுகிறது. நிஜத்தில் இந்தப் பொடியின் வேலையைச் செய்வது காந்தம். எரிமலைப் பாறை ஆறும்போது அன்றைய பூமிக் காந்தத்தின் திசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்தத் திசையோ அவ்வப்போது தலைகீழாகும், கடைசியாக மாறியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால். அதனால் தொடரின் இரு பக்கமும் நேர், தலைகீழ் என்று மாறி மாறிக் காந்தப் பட்டைகள் விழும். 1963-இல் வைன், மேத்யூஸ் இருவரும் இதைச் சொன்னபோது கையில் வைத்திருந்தது நமக்கு மேற்கே அரபிக்கடலில் கிடக்கும் கார்ல்ஸ்பர்க் தொடரின் அளவீடு. மலை தாண்டி, கடல் தாண்டி இருக்கிற இடம், பாடப்புத்தகத்தில் என்னவோ அட்லாண்டிக் மட்டும்தான்.

அக்கா மகன் பார்த்துவிட்டு, “மாமா, அப்போ கடலுக்கு அடியில பூரா லாவாதானா?” என்றான். “இல்லலே, அங்கதான் மெழுகு பொய் சொல்லுது” என்றேன். ட்ரேயில் மெழுகு ஏற்கெனவே உருகியிருக்கிறது, பூமியின் மேலோட்டுக்கு அடியிலிருக்கும் மேன்டில் அடுக்கோ திடப்பாறை. 1300 டிகிரிச் சூட்டிலும் அது உருகாமல் இருக்கக் காரணம் மேலிருந்து அழுத்தும் பாரம். பூமியின் மேற்பகுதியான பெரிய பாறைத் தட்டுகள் விலக விலக அந்தப் பாறை மெல்ல மேலே ஏறும், அழுத்தம் குறையும், சூடு கூட்டாமலேயே நூற்றுக்குப் பத்து இருபது பங்கு உருகும். குக்கருக்குள் கொதிக்காமல் அடங்கியிருக்கிற தண்ணீர், ஆவி போனதும் குபுகுபுவென்று கொதிப்பது மாதிரி. அதாவது இப்படி உருகிய பாறை, மாக்மா, முட்டித் தள்ளித் தட்டுகள் பிரிவதில்லை. பெரும்பாலும் தட்டுகள் இழுபடுவதால்தான் மாக்மாவே உண்டாகிறது.

இன்னொன்று, என் ஏடு கீறலை விட்டு விலக விலகத் தடிக்கிறது. அது தட்டுக்குச் சரி, தட்டின் மேல் அடுக்கான மேலோட்டுக்குச் சரியில்லை. கடல் மேலோடு தொடரின் அடியிலேயே 6, 7 கிலோமீட்டர் கனத்தில் பிறந்துவிடுகிறது: மேலே தண்ணீர் பட்டுத் தலையணை மாதிரி உருண்டு உறைந்த தலையணை லாவா, நடுவில் செங்குத்தாக நெருக்கி நிற்கும் டைக்குகள் என்ற பாறைச் சுவர்கள், கீழே நிதானமாக ஆறிய கேப்ரோ என்ற பாறை. இந்த மூன்றும் மெழுகில் வராது.

அடுத்து ட்ரேக்கு ஓரக் கண்ணாடி வைத்து, கீறலுக்குக் கீழே மெழுகு எப்படி ஏறுகிறது என்று பக்கவாட்டில் பார்க்க வேண்டும். கண்ணாடி வெந்நீரில் விரிசல் விடாமல் இருக்க யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.