மனிதர் இல்லாத ஓவியங்கள்: சூச்சோவின் சோங் வாங் மாளிகை

சீனாவின் சூச்சோ நகர அருங்காட்சியகத்துக்கு வருவோரில் பெரும்பாலோர், ஐ. எம். பெய் வடிவமைத்து 2006இல் திறக்கப்பட்ட வெள்ளைச் சுவர்க் கட்டடத்தைக் கண்டு வியந்துவிட்டு, பக்கத்திலுள்ள புகழ்பெற்ற தோட்டத்துக்குச் சென்றுவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பழைய மாளிகையில் அன்று கூட்டம் குறைவாகவே இருந்தது. நான் சூச்சோவுக்குப் போனதே அந்த மாளிகைக்காகத்தான்.

அதன் பெயர் சோங் வாங் ஃபூ. சோங் வாங் என்பது ‘விசுவாசமுள்ள அரசர்’ என்று பொருள்படும் பட்டம். அதைப் பெற்றிருந்தவர் தைப்பிங் படைத்தலைவர் லீ சியூசெங். தம்மை இயேசுவின் இளைய சகோதரர் என்று நம்பிய ஹோங் சியூசுவானின் தலைமையில் 1851இல் தென்சீனாவின் குவாங்சியில் மூண்ட தைப்பிங் எழுச்சி, 1853இல் நாஞ்சிங்கைத் தலைநகராக்கிக்கொண்டு, அப்போது சீனாவை ஆண்ட சிங் பேரரசை எதிர்த்து 1864 வரை போரிட்டது. மாண்டவர்கள் இரண்டு கோடிக்கும் மேல் என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். 1860இல் சூச்சோவைக் கைப்பற்றிய லீ சியூசெங், செல்வர்களின் வீடுகளையும் தோட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் தம் மாளிகையை எழுப்பத் தொடங்கினார். 1863 டிசம்பரில் நகரம் வீழ்ந்தபோதும் வேலை முடிந்திருக்கவில்லை.

வாசலைத் தாண்டியதும் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். விட்டங்களின் நடுப்பகுதியில், பூவேலை செய்த பட்டுத் துணியொன்றை மடித்துச் சுற்றிக் கட்டியதுபோல வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். பட்டு நெசவுக்குப் பேர்போன ஊரின் ஓவியர்கள், மரத்துக்கும் பட்டு உடுத்திப் பார்த்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது. இத்தகைய விட்ட ஓவியங்கள் நானூறுக்கும் மேல் இங்கே எஞ்சியுள்ளன. பலவற்றில் நிறம் மங்கிவிட்டது; ஆனால் கூடத்தின் அரையிருளில் சற்று நேரம் நின்று கண் பழகியபின், கோடுகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வருகின்றன.

பின்கட்டில் இருக்கும் ஒன்பது சுவரோவியங்களின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். பறவைகள், விலங்குகள், மலர்கள், மலைகள். மனிதர் ஒருவர்கூட இல்லை. உருவ வழிபாட்டை வெறுத்து, சென்ற இடமெல்லாம் கோயில் சிலைகளை உடைத்த தைப்பிங் ஆட்சி, ஓவியத்தில் மனித உருவம் வரைவதையும் விலக்கியிருந்தது. மனிதரை வரையாமல் அரண்மனைச் சுவரை நிரப்பவேண்டியிருந்த கைவினைஞர்கள், தங்கள் திறமை முழுவதையும் ஓர் இறகிலும் ஒரு கிளையிலும் இட்டிருக்கிறார்கள். வெளியே போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் வரையப்பட்ட இச்சுவர்களில் போரின் சுவடே இல்லை என்பது என்னை மிகவும் உலுக்கியது.

இவை பிழைத்ததற்குக் காரணம் பகைவரே. நகரைக் கைப்பற்றிய சிங் தரப்பின் லீ ஹோங்சாங், சரணடைந்த தைப்பிங் தலைவர்களைக் கொல்லச் செய்தார். சிங் அரசின் பக்கம் நின்று போரிட்ட ஆங்கிலேயத் தளபதி சார்ல்ஸ் கார்டன்கூட அச்செயலால் கடுஞ்சினம் கொண்டார். ஆனால் இந்த மாளிகையை லீ ஹோங்சாங் இடிக்கவில்லை. தேவர்கள் உறையும் இடம்போல இருக்கிறது என்று வியந்து, தம் அலுவலகமாக்கிக்கொண்டார். லீ சியூசெங்கோ 1864இல் நாஞ்சிங் வீழ்ந்ததும் பிடிபட்டு, சிறையில் நீண்ட வாக்குமூலம் எழுதியபின் கொல்லப்பட்டார். 1961இல் சீன அரசு தேசியப் பாதுகாப்புக்குரிய சின்னங்களின் முதல் பட்டியலை வெளியிட்டபோது, இம்மாளிகையும் அதில் இடம்பெற்றது.

புறப்படுமுன் முற்றத்திலுள்ள ஊதாப்பூக் கொடியைப் பார்த்தேன். மிங் காலத்து ஓவியர் வென் செங்மிங் நட்டதாகச் சொல்லப்படும் அக்கொடி, மாளிகைக்கு முன்னூறு ஆண்டுகள் மூத்தது. அதிலிருந்து வெட்டிய கிளையைத்தான் பெய் தம் புதிய கட்டடத்தின் முற்றத்துக் கொடியில் ஒட்டுக் கட்டச் செய்தார். அடிமரம் முறுக்கிய கயிறுபோல் தடித்து, தாங்குகோல்கள் மேல் சாய்ந்து, பந்தல் முழுவதும் இலை விட்டு நிற்கிறது.