படப்பெட்டிகளை எடைக்குப் போடும் முன்

"கறுப்பு வெள்ளையா, கலரா?" பெரியப்பா விட்டுப்போன படச்சுருள்களை எடைக்கு வாங்க வந்த பழைய இரும்புக் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி இதுதான். என்ன படம், யார் நடித்தது என்பதெல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. கறுப்பு வெள்ளைப் பிலிமில் படமாகப் பதிந்து நிற்பதே வெள்ளிதான். கலர்ப் பிரதியில் அது கழுவும்போதே வெளியேறிவிடும். எடைக்கு வாங்கிப்போய்க் கரைத்து வெள்ளியைப் பிரித்துக்கொள்வார்கள். பழைய தமிழ்ப் படங்கள் பலவற்றின் பிரதிகள் இப்படித்தான் போய்ச் சேர்ந்தன. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'. பார்ப்பதற்கு இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. அவர் சொன்ன விலை நல்ல விலையாகவே இருந்தும் நான் கொடுக்க மறுத்துவிட்டேன்.

என் பெரியப்பா தூத்துக்குடிப் பக்கம் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். கொட்டகை மூடிய பிறகு கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் 16 எம்.எம். படம் போட்டார். கொட்டகையில் ஓடும் 35 எம்.எம். பிலிமைவிட அது அகலம் குறைந்தது. அவர் காலமானதும் வீட்டை இடித்துக் கட்ட வேண்டிவந்தது. பெரியம்மா, "உனக்குத்தான் இதிலெல்லாம் பிரியம், நீயே பார்த்துச் செய்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே ஒரு 35 எம்.எம். போட்டோஃபோன் புரொஜெக்டர், ஒரு பெல் அண்ட் ஹாவெல் 16 எம்.எம். புரொஜெக்டர், ஸ்பீக்கர், துருப்பிடித்த தகரப் பெட்டிகள் நிறைய.

விலை பேசுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. 35 எம்.எம். சுருள் 1950களின் தொடக்கத்துக்கு முந்தையது என்றால் அது எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமாக இருக்கலாம். நைட்ரேட் பிலிம் எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், தண்ணீருக்குள்ளும் எரியும். ஒரு துண்டை வெட்டிக் கொளுத்திப் பார் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிலிமின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் 'நைட்ரேட்' அல்லது 'சேஃப்டி' (எளிதில் தீப்பற்றாத வகை) என்று ஆங்கிலத்தில் பொடியாக அச்சிட்டிருக்கும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தெளிந்த ஓரத்தில் கறுப்பு எழுத்தாக இருந்தால் அது அந்தப் பிலிமுக்கே உரியது. கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக இருந்தால், அது நெகட்டிவிலிருந்து நகலாகி வந்த எழுத்தாக இருக்கும். அதை நம்பி முடிவு செய்யக் கூடாது. 16 எம்.எம். வகையில் இந்தப் பயம் வேண்டாம். கோடாக் 1923இல் அதை அறிமுகப்படுத்தியதே வீடுகளில் ஓட்டத்தக்க பாதுகாப்பான பிலிமாகத்தான். எங்களிடம் இருந்தவை எல்லாமே சேஃப்டி.

சேஃப்டி பிலிமுக்கு வேறு வியாதி. மூடியைத் திறந்ததும் சில பெட்டிகளிலிருந்து வினிகர் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. பிலிமின் அடித்தளமான அசிடேட் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது என்று அர்த்தம். அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். நம் ஊர் வெக்கையும் கடல் காற்றும் அதற்கு வசதி. வாடை வந்தவற்றைத் தனி அறைக்கு மாற்றினேன். எதையும் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கவில்லை. சுருங்கிய பிலிமின் துளைகள் இயந்திரத்தின் பற்களுக்குப் பொருந்தாது. அப்படியே கிழிந்துகொண்டு போகும். கையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் பட்டியல் போட்டேன்.

பெரும்பாலானவை வெளிவந்த படங்களின் பிரதிகள். கலர்ப் பிரதிகளில் நீலமும் பச்சையும் வெளிறிப்போய், எல்லார் முகமும் ரோஜா நிறத்தில் நிற்கிறது. அந்தக் காலத்து ஈஸ்ட்மன் கலர்ப் பிரதிகளின் கதி அது. படத்துக்கு முன் அந்நாளில் கட்டாயமாகப் போட வேண்டியிருந்த, அரசின் பிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படங்கள் சிலவும் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், பெயர் ஒட்டாத ஒரு பெட்டியில், ஊர்க் கோயில் கும்பாபிஷேகம்! பெரியப்பாவே யாரையோ கொண்டு 16 எம்.எம்.மில் எடுத்து வைத்திருக்கிறார். சினிமாப் படத்துக்கு வேறெங்காவது ஒரு பிரதி இருக்கலாம். இதற்கு இருக்க வாய்ப்பே இல்லை. உங்கள் பெட்டிகளில் இப்படி ஏதாவது கிடைத்தால் எந்த விலைக்கும் கொடுக்காதீர்கள். முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள். சென்னையில் அதற்கு வசதி இருக்கிறது.

சட்டத்தையும் தெரிந்துகொண்டே பேச்சில் இறங்கினேன். சுருள் நம் கையில் இருப்பதால் படத்தின் உரிமை நமக்கு வந்துவிடாது. பதிப்புரிமை படம் வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். விநியோகஸ்தருக்குத் திரும்பியிருக்க வேண்டிய பிரதிகளும் இப்படி வீடுகளில் தங்கியிருக்கும். ஆகவே சினிமாப் பிரதிகளை விற்பனைப் பேச்சில் சேர்க்கவில்லை. பட்டியலைப் புனேயிலுள்ள தேசிய திரைப்படக் காப்பகத்துக்கு அனுப்பினேன். 1964இல் தொடங்கிய அந்தக் காப்பகம், 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு (என்.எஃப்.டி.சி.) இணைக்கப்பட்டது. மும்பையில் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் இந்த வேலையைச் செய்கிறது. பட்டியலில் படத்தின் பெயர், 35ஆ 16ஆ, எத்தனை ரீல், ஒலி உண்டா, வாடை உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிவிடுவது நல்லது. 'பழைய படம் இருக்கிறது' என்று ஒரு வரி எழுதினால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

இனி இயந்திரம். பெரியப்பாவிடம் ஆபரேட்டராக இருந்த அண்ணாச்சி ஒருவரை அழைத்துவந்தேன். வயது எழுபதைத் தாண்டியவர். 16 எம்.எம். இயந்திரத்தின் சுவிட்சை அவர் தொடவே இல்லை. கைத்திருகியை மெல்லச் சுழற்றிக் காதைக் கொடுத்தார். "எண்ணெய் கெட்டியாகிவிட்டது தம்பி, இப்போது கரண்ட் கொடுத்தால் செத்துவிடும்" என்றார். பக்கவாட்டு மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். நடுவில் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு வார்ம் கியர், அதாவது திருகுபோல் மரை வெட்டிய சுழல் உருளை. அதில் மயிரிழைபோல ஒரு விரிசல். பெல் அண்ட் ஹாவெலின் பிற்கால மாடல்களில் இது எல்லா ஊரிலும் வரும் கோளாறு. விவரம் தெரிந்த வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான். ஒலிப்பட்டையைப் படிக்கும் எக்ஸைட்டர் பல்பு நன்றாக இருந்தது. இறுகிப்போன பெல்ட்டை மட்டும் மாற்றினோம். கியரை அப்படியே விட்டு, விரிசலைப் படம் எடுத்து விளம்பரத்தில் போட்டேன்.

வந்தவர்களில் பாதிப் பேர் உணவகத்துக்கு அலங்காரம் தேடியவர்கள். பித்தளைபோல மினுங்க வேண்டும், ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்றார்கள். பணம் தாராளமாகத் தரக்கூடியவர்கள்தான். ஆனாலும் ஓடக்கூடிய இயந்திரத்தின் வயிற்றைக் காலி செய்து உள்ளே பல்பு எரிய வைப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்தார். கியர் எங்கே கிடைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 18,000 ரூபாய்க்கு முடிந்தது. லென்ஸையும் பல்பையும் தனியே சுற்றி, சுருள் மாட்டும் கைகளைக் கழற்றி, மரப்பெட்டியில் வைத்து அனுப்பினோம். விற்றது இயந்திரம் மட்டுமே என்று ரசீதில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

போட்டோஃபோனுக்கு எரிந்து ஒளி தரும் கார்பன் குச்சி வேண்டும், அதற்கேற்ப மின்சாரத்தை மாற்றித் தரும் ரெக்டிஃபையர் வேண்டும், தூக்க நாலு ஆள் வேண்டும். வீட்டில் வைத்து ஓட்டக்கூடியது அல்ல. சென்னையில் படப்பிடிப்புக்குப் பொருள் வாடகைக்கு விடும் ஒருவர் கேட்டிருக்கிறார். லாரி வாடகை யார் தலையில் என்பதில் பேச்சு நிற்கிறது. விளக்குக் கூண்டின் பழைய வயர்களில் ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியிருக்கும் என்பதால், அவற்றை உரிக்க வேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். செய்திப்படங்களும் கறுப்பு வெள்ளைப் பிரதிகளும் காப்பகத்துக்கு என்று பெட்டி கட்டி வைத்திருக்கிறேன். கும்பாபிஷேகச் சுருளின் ஸ்கேன் கோயில் கமிட்டியிடமும் பெரியம்மாவிடமும் இருக்கிறது.