39 சொட்டு ஈயமும் 53 நாள் பாக்கியும்

என் தங்கை மகன் ஓசூர் பக்கம் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி கிருஷ்ணகிரிக்கு என் வீட்டுக்கு வந்துவிடுவான். வந்ததும் சாப்பாடு, அப்புறம் போன். போன மாதம் ஒரு வீடியோவைக் காட்டினான். உலகத்தின் பெரிய பணக்காரர்களுடைய பத்துப் பழக்கங்களாம். முதல் பழக்கம், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருப்பது.

"நம்ம மண்டியில காய் இறக்கறவங்க ரெண்டரைக்கே எழுந்துக்கறாங்களேடா" என்றேன்.

"உங்ககிட்ட எதைக் காட்டினாலும் இப்படித்தான் பெரிம்மா."

நான் இருபத்திரண்டு வருஷமாக மாங்காய் மண்டிகளுக்குக் கணக்கு எழுதுகிறவள். ஏப்ரலில் இருந்து ஜூலை வரை தலை நிமிர நேரம் இருக்காது. ஆடி பிறந்துவிட்டால் வேலை குறைந்துவிடும், அப்போதுதான் படிப்பேன். கணக்கு எழுதுகிறவளுக்குப் பணக்காரர்களின் கதையில் பிடிப்பது வேறு இடம். அவர்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று நான் பார்ப்பதில்லை. அடுத்தவர் பணம் அவர்கள் கையில் எத்தனை நாள் இருந்தது என்றுதான் பார்ப்பேன். மண்டியில் பழகிய புத்தி அப்படி.

எனக்கு ரொம்பப் பிடித்தவர், எண்ணெயில் பெரும் பணக்காரரான ராக்பெல்லர். நல்லவர் என்பதற்காக இல்லை, அவர் எங்கள் ஜாதி. அதாவது கணக்குப்பிள்ளை ஜாதி. 1855 செப்டம்பர் 26ஆம் தேதி, பதினாறு வயதில், அமெரிக்காவில் கிளீவ்லாந்து என்ற ஊரில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்தார். முதல் மூன்று மாதத்துக்கும் சேர்த்து 50 டாலர் கொடுத்தார்கள். வேலை கிடைத்த அந்த நாளைக் கடைசிவரை பிறந்தநாள் மாதிரி கொண்டாடினார். தன் சொந்த வரவு செலவையும் பைசா விடாமல் ஒரு நோட்டில் எழுதி வைத்தார். அந்த நோட்டையும் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார்.

1859இல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து தானே கமிஷன் மண்டி போட்டார். தானியம், வைக்கோல், இறைச்சி. சரியாக நம் மண்டிதான், ஊர் மட்டும் வேறு. முதலுக்கு 2,000 டாலர் வேண்டும். தன் சேமிப்போடு அப்பாவிடம் 1,000 கடன். அப்பா சும்மா கொடுக்கவில்லை, 10 சதவீத வட்டி போட்டார். நம் பக்கத்தில் பத்து வட்டி என்றால் மாதத்துக்கு. அது வருஷத்துக்கு என்பதால் பிழைத்துக்கொண்டார். மகன் கையில் பணம் முடையாக இருக்கும் சமயம் பார்த்துத் திடீரென்று வந்து கடனைத் திருப்பிக் கேட்கும் பழக்கமும் அந்த அப்பாவுக்கு உண்டு.

அதே 1859இல்தான் பென்சில்வேனியாவில் முதல் எண்ணெய்க் கிணற்றில் எண்ணெய் கண்டார்கள். ஊரே கிணறு தோண்ட ஓடியது. ராக்பெல்லர் தோண்டப் போகவில்லை. கிணறு இன்றைக்குப் பொங்கும், நாளைக்கு வற்றும். விலை ஒரு வருஷம் வானத்தில், மறு வருஷம் பீப்பாய் விலைக்குக்கூடத் தேறாது. அவர் 1863இல் சுத்திகரிப்பில் இறங்கினார். யார் தோண்டினாலும் எண்ணெய் இந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்கிற இடம் அது. 1865இல் கூட்டாளியோடு மனஸ்தாபம் வந்து, தொழிலைத் தங்களுக்குள்ளேயே ஏலம் விட்டுக்கொண்டார்கள். 72,500 டாலருக்கு ராக்பெல்லர் எடுத்தார். 1870இல் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியை ஆரம்பித்தார்.

இதற்கிடையே ரயிலோடு நடந்ததுதான் விஷயம். ரயில்வே கம்பெனியிடம் போய், தினமும் 60 வேகன் சரக்கு உறுதியாகத் தருகிறோம், எங்களுக்கு மட்டும் வாடகையைக் குறை என்றார்கள். ரயில்வேக்காரனுக்கும் லாபம்தான், வண்டி காலியாக ஓடாது. 1872இல் இன்னும் ஒரு படி மேலே போய் ஒரு ஒப்பந்தம் தயாரானது: போட்டிக்காரர்கள் கட்டும் வாடகையிலும் ஒரு பங்கு இவர்களுக்கு வர வேண்டும். நம் மண்டிக்குப் பக்கத்து மண்டியின் லாரி வாடகையில் நமக்குக் கமிஷன் வந்தால் எப்படி இருக்கும்? விஷயம் வெளியே தெரிந்து ஊர் கொதித்ததில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வராமலே போனது. ஆனால் அந்தப் பயமே போதுமாக இருந்தது. சில வாரங்களில் கிளீவ்லாந்தில் இருந்த 26 சுத்திகரிப்பு ஆலைகளில் 22 இவர் கைக்கு வந்துவிட்டன.

தங்கை மகனிடம் இதைச் சொன்னபோது அவனுக்குப் பிடித்தது வேறு ஒன்று. மண்ணெண்ணெயை 5 காலன் தகர டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலைக்கு ராக்பெல்லர் ஒரு நாள் போகிறார். டின் மூடியை ஈயச் சொட்டு வைத்து அடைக்கிறார்கள். ஒரு டின்னுக்கு எத்தனை சொட்டு? நாற்பது. முப்பத்தெட்டு வைத்துப் பார்த்தீர்களா? இல்லை. சரி, வைத்துப் பாருங்கள். வைத்தார்கள், சில டின்கள் ஒழுகின. முப்பத்தொன்பது வைத்தார்கள், ஒன்றுகூட ஒழுகவில்லை. அந்த ஒரு சொட்டில் முதல் வருஷம் மிச்சமானது 2,500 டாலர்.

"பார்த்தீங்களா, இதான் பழக்கம்" என்றான்.

பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் சொட்டுக் கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள், வேகன் கதையைச் சொல்ல மாட்டார்கள். என் ஆயாவும் நல்லெண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்து வைத்துக் கடைசிச் சொட்டு வரை வடித்தவள்தான். அவளிடம் வேகன் இல்லை.

சாம் வால்டன் கதையைப் படித்தபோது மட்டும் எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. வால்மார்ட் ஆரம்பித்தவர். 1945இல் ஆர்கன்சாவில் நியூபோர்ட் என்ற சின்ன ஊரில் 25,000 டாலருக்கு ஒரு கடையை எடுத்தார். அதில் 20,000 மாமனார் கொடுத்த கடன். ஐந்து வருஷம் நாயாய் உழைத்துக் கடையைத் தூக்கி நிறுத்தினார். 1950இல் கட்டடக்காரர், கடை என் மகனுக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார். பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், குத்தகையைப் புதுப்பிக்கலாம் என்ற வரியே அதில் இல்லை. அவர் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

என் அப்பாவுக்குக் காவேரிப்பட்டணத்தில் ஒரு சின்ன மண்டி இருந்தது. தகரக் கொட்டகை, ஒரு தராசு, ஒரு பெஞ்சு. ஒன்பது வருஷம் நடத்தினார். இடத்துக்காரரின் மகன் பெங்களூரில் இருந்து திரும்பி வந்ததும், அடுத்த சீசனுக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்களுடையதில் பத்திரமே கிடையாது, வாய்ச்சொல்தான். வால்டன் குடும்பத்தோடு பெண்டன்வில்லுக்குப் போய் மறுபடி கடை போட்டார், 1962இல் முதல் வால்மார்ட்டைத் திறந்தார். அப்பா கொட்டகைத் தகரத்தைக் கழற்றி எடுத்து வந்து மாட்டுக்கொட்டாய்க்குப் போட்டார். அது இன்னும் இருக்கிறது. வால்டனுக்கு மாமனார் பணம் இருந்தது என்று எழுதி முடித்துவிடலாம்தான். ஆனால் அப்பாவுக்கு மறுபடி ஆரம்பிக்கிற மனசும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

வாரன் பஃபெட்டைப் பற்றி எல்லாரும் சொல்வது பங்குச் சந்தை. கணக்குக்காரிக்கு அதில் பிடித்த இடம் இன்சூரன்ஸ். 1967இல் ஒமாஹாவில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியை 86 லட்சம் டாலருக்கு வாங்கினார். ஜனங்கள் பிரீமியத்தை இன்றைக்குக் கட்டுகிறார்கள், விபத்துப் பணம் என்றைக்கோ கேட்பார்கள். நடுவில் அந்தப் பணம் யார் கையில்? அவர் கையில். அதை வைத்து வேறு கம்பெனிகளை வாங்கினார். இப்படித் தங்கியிருக்கிற அடுத்தவர் பணம் 2024 கடைசியில் அவர் கம்பெனியில் சுமார் 17,100 கோடி டாலர். கட்டிய வட்டி, பெரும்பாலான வருஷங்களில், ஒன்றும் இல்லை.

அமேசானும் ஆரம்பத்தில் இந்த ரகம்தான். அதை ஆரம்பித்த பெசோஸுக்கு 1995இல் அப்பா அம்மா போட்ட பணம் 2,45,000 டாலருக்கு மேல். அதை விடுங்கள், நான் சொல்ல வந்தது வேறு. புத்தகம் வாங்குகிறவன் கார்டில் உடனே பணம் கட்டிவிடுகிறான். புத்தகம் கொடுத்தவருக்கு வாரக்கணக்கில் கழித்துத்தான் கொடுக்க வேண்டும். வியாபாரம் வளர வளர அந்த இடைவெளியில் தேங்கும் பணமும் வளரும். கடன் வாங்காமலே முதல் கிடைத்த மாதிரி.

மகன் விடவில்லை. அவனுடைய ஆள் எலான் மஸ்க். "அவர் கார் செய்யறார் பெரிம்மா, யார் பணத்தையும் வெச்சுக்கலை" என்றான். டெஸ்லாவை 2003இல் ஆரம்பித்தவர்கள் வேறு இரண்டு பேர், மஸ்க் மறு வருஷம் பணம் போட்டு உள்ளே வந்தவர் என்றதும் முகம் சுருங்கியது. 2016இல் மாடல் 3 காரை அறிவித்தார்கள். ஆளுக்கு 1,000 டாலர் முன்பணம். ஒரே வாரத்தில் 3,25,000 பேர் கட்டினார்கள். முதல் காரைக் கையில் கொடுத்தது 2017 ஜூலையில். வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுப்பார்கள், ஏமாற்று வேலை இல்லை. அவருடைய சொத்தில் பெரும்பகுதி பங்கு விலை ஏறியதால் வந்தது, அதுவும் உண்மை. ஆனால் அந்த ஒரு வாரத்தில் வந்தது 32 கோடி டாலருக்கு மேல். தோப்புக்காரருக்குப் பூ விடும்போதே குத்தகைக்காரர் முன்பணம் கொடுப்பார் இல்லையா, இங்கேயும் அதேதான், வாங்குகிறவர்தான் முன்னாடியே கொடுக்கிறார்.

சரி, இதெல்லாம் ஏன் எனக்கு இப்படி உறைக்கிறது என்றால், போன ஜூன் மாதம் எங்கள் தோப்புக் காய் ஒரு லோடு மாங்கூழ் ஆலைக்குப் போனது. மூன்று ஏக்கர், எல்லாம் பெங்களூரா ரகம், கிளிமூக்கு வைத்த காய். சாப்பிட செந்தூரா, கூழுக்கு பெங்களூரா. நம் எடைமேடையில் 9 டன் 240 கிலோ. ஆலை கேட்டுக்கு வெளியே சாலையோரமாக லாரிகள் வரிசையில் நின்றன. இரண்டு ராத்திரி, ஒன்றரைப் பகல். இரண்டாம் நாள் காலையில் நான் போய்ப் பார்த்தேன். தார்ப்பாயைத் தூக்கினால் அடுப்பங்கரை மாதிரி அனல் முகத்தில் அடிக்கிறது. அடியில் இருந்த காய் நசுங்கி, பின்பக்கப் பலகை இடுக்கில் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. கீழே தாரில் கையகல அளவுக்குப் பிசுபிசுப்பு, அதில் ஈ. டிரைவர் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். "இன்னும் பதினேழு வண்டி இருக்கும்மா" என்றார். எழுந்துகூட உட்காரவில்லை.

உள்ளே எடை போட்டபோது 8 டன் 910. காயில் இருந்த தண்ணீர் காற்றில் போனது பாதி, கழிவு என்று பிடித்தது பாதி. விலை கிலோ 6 ரூபாய். வேண்டாம் என்று திருப்பிக் கொண்டுவர முடியுமா? வெட்டிய காய் காத்திருக்காது. ஆலை காத்திருக்கும். பென்சில்வேனியாவில் பொங்குகிற கிணற்றை வைத்துக்கொண்டு பீப்பாய் கிடைக்காமல் நின்றவர்களும் இப்படித்தான் நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன்.

53,460 ரூபாய். பணம் 53ஆம் நாள் வங்கியில் ஏறியது. ஆலைக்காரரைத் திட்டிப் பயனில்லை. வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் கூழ் வாங்குகிறவர்கள் அவருக்குப் பணம் தர இன்னும் அதிக நாள் எடுத்துக்கொள்கிறார்கள், வங்கி வட்டி அவர் தலையில். அந்த மாதிரிக் கணக்கை நானே வேறு ஒரு ஆலைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவருக்கு வங்கியில் இருப்புக்கு மேல் எடுத்துக்கொள்ள ஓவர்டிராஃப்ட் இருக்கிறது, எனக்கு நகைக்கடன்.

போன ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மகன் ஆப்பத்தைப் பிய்த்தபடியே, "ஒரு ரூபா வட்டி போட்டா எவ்ளோ வரும்?" என்றான்.

"நீயே போடு."

போட்டான். "944 ரூபா. அவ்ளோதானே பெரிம்மா, இதுக்குப் போயா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. தேங்காய்ப் பால் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"அந்த ஆலைக்கு ஒரு நாளைக்கு எத்தனை லாரி வரும்?"

"சீசன்ல அறுபது."

இடது கையால் போனை எடுத்தான்.