80 லிட்டர் பவளத் தொட்டி: கருவிகளைத் தேர்ந்தெடுத்த விதம்

உயிருள்ள பவளங்களை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்குக் கருவி வாங்கும்போது, எது திறன் கூடியது என்று பார்ப்பதே பலருடைய வழக்கம். நான் ஒவ்வொரு கருவியையும் வேறு ஒரு கேள்வியோடு அணுகினேன்: வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகற்பொழுதில் இது பழுதானால் தொட்டி எந்த நிலைக்குப் போகும்? 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உள்ள என் தொட்டியின் கொள்ளளவு கணக்குப்படி 96 லிட்டர். மேலே விட்ட இடைவெளியையும் மணலையும் பாறையையும் கழித்தால் அதில் நிற்பது ஏறத்தாழ 80 லிட்டர் நீர்தான். இவ்வளவு குறைந்த நீரில் எந்தக் கோளாறும் விரைவாகவே பெரிதாகிவிடும் என்பதால், தேர்வு முழுவதையும் அந்தக் கேள்விக்கே விட்டுவிட்டேன்.

முதலில் முடிவானது ஹீட்டர். இந்த அளவுத் தொட்டிக்கு 200 வாட் ஹீட்டர் ஒன்றைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. ஆனால் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் பழுதாகும்போது, அணைந்தே கிடப்பதைவிட அணையாமல் எரிந்துகொண்டே இருப்பதுதான் ஆபத்தானது. 200 வாட் தொடர்ந்து எரிந்தால், வெளியே இழக்கும் வெப்பத்தைக் கணக்கில் கொள்ளாதபோது, 80 லிட்டர் நீர் மணிக்கு 2 டிகிரிக்கும் சற்றுக் கூடுதலாகச் சூடேறும். பவளங்கள் வெளிறத் தொடங்க அரை நாள் போதும். ஆகவே 50 வாட் ஹீட்டர்கள் இரண்டை வாங்கி, இரண்டையும் தனியான வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றின் வழியாக இணைத்தேன். கட்டுப்பாட்டுக் கருவியில் 25 டிகிரியும், ஹீட்டர்களின் சொந்தத் திருகில் 26 டிகிரியும் வைத்திருப்பதால், முதல் காவல் தவறினால் இரண்டாவது காவல் தடுக்கும். ஒரு ஹீட்டர் செயலிழந்தாலும் மற்றது வெப்பநிலையைப் பெருமளவு தாங்கிப் பிடிக்கும்.

அடுத்தது ஆவியாகும் நீரை ஈடுசெய்யும் தானியங்கி நிரப்பி. என்னைப் பொறுத்தவரை, சிறு தொட்டியில் விளக்கைவிட முக்கியமான கருவி இதுதான். நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 80 லிட்டரில் 5 லிட்டர் குறைந்தால், ஆயிரத்துக்கு 35 பங்கு என்றிருந்த உப்பளவு 37-ஐத் தாண்டிவிடும். என் தொட்டி, நீர் கடந்து பம்புக்கு வரும் பின்பக்க அறைகளோடு கூடிய வகை. அதில் ஆவியாதலின் விளைவு முன்பக்கத்தில் தெரியவே தெரியாது. பம்ப் இருக்கும் கடைசி அறையில் மட்டும் மட்டம் இறங்கும். கவனிக்காமல் விட்டால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுத்து, தொட்டி முழுவதும் நுண்குமிழிகளைத் துப்பத் தொடங்கும். நீர்மட்டத்தை உணர்ந்து நிரப்பியை இயக்கும் சென்சாரை அந்த அறையில்தான் பொருத்த வேண்டும். நிரப்பிக்கு நீர் தரும் நன்னீர்க் கலத்தின் அளவில் மட்டும் தாராளம் காட்டவில்லை. சென்சார் சிக்கிக்கொண்டு 20 லிட்டர் கலம் முழுவதும் உள்ளே கொட்டினால், தரையில் வழிவது ஒருபுறம் இருக்க, உப்பளவு 28 வரை சரியக்கூடும். 5 லிட்டர் கலமானால் ஏறத்தாழ 33-உடன் நின்றுவிடும். அடிக்கடி நிரப்பும் வேலையை ஏற்றுக்கொண்டு சிறிய கலத்தையே வைத்தேன். அதில் ஊற்றுவதும் உப்புக் கலக்கப் பயன்படுத்துவதும், ஆர்.ஓ. வடிகட்டியும், மிச்ச அயனிகளை அகற்றும் டி.ஐ. பிசினும் கடந்து, கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்டும் நீர் மட்டுமே.

உப்பளவைப் பார்க்க, முள் அசையும் ஹைட்ரோமீட்டரைத் தவிர்த்து, நீரில் ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினேன். முள்ளில் ஒட்டும் ஒரு சிறு குமிழியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். ரிஃப்ராக்டோமீட்டரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மலிவாகக் கிடைப்பவற்றில் பல, சமையலுப்புக் கரைசலுக்கென அளவிடப்பட்டவை. அவற்றைத் தூய நீரில் 0-க்கு வைத்துவிட்டுக் கடல்நீரைப் பார்த்தால் ஒன்றரை அலகு வரை கூடுதலாகக் காட்டும். 35-க்கான சீர்செய் திரவத்தின் சில துளிகளை விட்டு, நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு சரியாக 35-இல் நிற்கும்வரை திருகைத் திருப்பிக்கொள்வதே பாதுகாப்பான வழி.

நீரோட்டத்துக்கு, பின்னறைப் பம்ப் மணிக்கு 400 லிட்டர் தள்ளுகிறது. அதோடு வேகத்தை மாற்றக்கூடிய அலை பம்ப் ஒன்றைச் சேர்த்து, மொத்த ஓட்டம் தொட்டி நீரைப் போல 25 மடங்குக்கு அருகில் வருமாறு வைத்தேன். எண்ணைவிடத் திசைதான் எனக்கு அதிக வேலை வைத்தது. ஓட்டம் நேராகப் பட்ட மூலையில் மணல் விலகி அடிக்கண்ணாடி தெரிந்தது. நீண்ட உணர்கொம்புகள் கொண்ட டார்ச் பவளத்தின் கொம்புகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, எலும்புக்கூட்டின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தன. பம்பை எதிர்க்கண்ணாடியை நோக்கித் திருப்பி, மோதித் திரும்பும் நீர் மட்டும் பவளத்தைத் தொடும்படி செய்ததும், கொம்புகள் முன்னும் பின்னுமாக அசையத் தொடங்கின. மின்தடையின்போது முதலில் தட்டுப்படுவது ஆக்சிஜன் என்பதால், மின்சாரம் போனதும் தானாக இயங்கும் பேட்டரிக் காற்று பம்ப் ஒன்றும் பக்கத்திலேயே இருக்கிறது.

விளக்கைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மென்பவளங்களும் பெரிய பாலிப் (பவளத்தின் தனி உயிரி) கொண்ட வன்பவளங்களும் மட்டுமே என்று முடிவு செய்திருந்ததால், ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியைக் குறிக்கும் பார் (PAR) அளவு 100 முதல் 150 வரை கிடைத்தால் போதும். நீல ஒளி மிகுந்த நடுத்தர எல்.இ.டி. விளக்கு ஒன்றே அதைத் தந்துவிடுகிறது. முழுத்திறனில் எரிக்காமல் குறைந்த அளவில் தொடங்கி வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டினேன். கழிவை நுரையாக்கி அகற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் வாங்கவில்லை. மீன்கள் குறைவாக இருக்கும் தொட்டியில், வாரம் 8 லிட்டர் நீர் மாற்றுவது கழிவையும் நீக்குகிறது, கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஓரளவு திருப்பித் தருகிறது. மின்கம்பிகளைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றியிருப்பதும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஸ்விட்ச் வைத்திருப்பதும் பேரம் பேசக்கூடாத செலவுகள்.

புதுத் தொட்டியில் உருவாகும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் 0-க்கு இறங்கிய பிறகே பவளங்களை வைத்தேன். இப்போது வாரந்தோறும் பார்ப்பது காரத்தன்மையை. காரத்தன்மையின் அலகான டி.கே.எச்.-இல் 8 முதல் 9 வரை நீர்மாற்றத்தாலேயே நிற்கிறது. பவளங்கள் வளர்ந்து, இரண்டு நீர்மாற்றங்களுக்கு இடையே அது 7.5-க்குக் கீழே இறங்கத் தொடங்கினால் காரத்தன்மைக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்க்கும் டோசிங் பம்ப் வாங்க வேண்டியிருக்கும். அப்போதும் அதன் குப்பியில், முழுவதும் கொட்டினாலும் தொட்டி தாங்கக்கூடிய அளவு கரைசலை மட்டுமே நிரப்புவதாக இருக்கிறேன்.