காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் தனியா ஜிம் போகப்போற தோழிகளுக்கு

முதல் வாரம் மூணே மெஷின்: லெக் பிரஸ் (காலால தள்ளறது), லேட் புல்டவுன் (மேல இருக்கற கம்பியைக் கீழ இழுக்கறது), செஸ்ட் பிரஸ் (கையால முன்னாடி தள்ளறது). ஒவ்வொண்ணும் 10 தடவை, 3 செட். அடுத்து எங்க போறதுன்னு தெரியாம முழிக்கும்போதுதான் எல்லாரும் நம்மளையே பாக்கற மாதிரி இருக்கும்.

புல்டவுன்ல தொடை மேல வர்ற பேடை இறுக்கமா வைங்க; லூஸா இருந்தா எடையோட நாமளும் எழும்புவோம். எவ்வளவு எடைன்னு தேர்ந்தெடுக்க மெஷின்ல சொருகற பின் (pin) முழுசா உள்ள போச்சான்னு பாருங்க. பாதியில நின்னா எடை நழுவி டமால்னு விழும், ஜிம்மே திரும்பும்!

பெரிய பார்பெல் (ரெண்டு கையால தூக்கற நீளக் கம்பி) தட்டு எதுவும் மாட்டாமலே 20 கிலோ. அதை வெச்சு தனியா பெஞ்ச் பிரஸ் (பெஞ்சுல படுத்து நெஞ்சுக்கு மேல தூக்கறது) வேணாம், கைக்கு ஒண்ணா டம்பெல் எடுங்க. முடியலன்னா பக்கத்துல இறக்கிடலாம்.

டிரெய்னர் தொட்டுத் திருத்த வந்தா, "வாயால சொல்லுங்க மாஸ்டர், போதும்"னு தாராளமா சொல்லலாம். இந்த வேலூர் வெயிலுக்கு ஃபேன் எங்க ஓடுதுன்னும் பாத்துட்டு பணம் கட்டுங்க.